லின் வீட்டில் விட்டு வந்த படம்

12 மார்ச் 2013, செவ்வாய்

பனி. மார்ச் நடுவில் இப்படிக் கொட்டும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. பஸ் இல்லை. மெத்ரோ மட்டும் பாலத்துக்கு மேலே ஓடுகிறது, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. அம்மா விடிய முதலே இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். கந்தோரில் அலுவலக அறைகள் துடைக்கிற வேலைக்குப் பனி விடுமுறை கிடையாது.

நான் போனுக்குக் காவல்.

இன்று செய்ய வேண்டியவை: உடுப்புத் தோய்க்க. வியட்நாம் மொழித் தொனிப் பயிற்சி, ஆறு தொனியும். வியட்நாம் (இனிமேல் வி.) பண்பாட்டு வகுப்புக்கு ஒரு தலைப்பு. பால், வெங்காயம்.

செய்தவை: ஒன்றுமில்லை. காரணம் காலையில் வந்த மின்னஞ்சல். ஹனோய்க்கு என்னை எடுத்திருக்கிறார்கள். செப்டெம்பரிலிருந்து ஒரு வருடம், அங்குள்ள பல்கலைக்கழகத்தில், விடுதி அறையோடு. வருகிறேனா இல்லையா என்று ஏப்ரல் ஐந்துக்குள் சொல்ல வேண்டும். வாசித்துவிட்டு எழும்பி நின்றேன். பிறகு இருந்தேன். பிறகு மறுபடி எழும்பினேன். இந்த ஒற்றை அறைக்குள் எங்கே நடப்பது, கட்டிலுக்கும் குசினி அடுப்புக்கும் நடுவே நடந்தேன். வெளியே போய்ப் பனிக்குள் ஓடவேண்டும் போல் இருந்தது. போக முடியாது, போன் இருக்கிறது.

அம்மாவிடம் சொல்லவில்லை. நாளை.

14 மார்ச், வியாழன்

நேற்றும் சொல்லவில்லை.

நாளைக்கு வகுப்பில் குடும்பத்தைப் பற்றி வி.மொழியில் பேச வேண்டும். முதலில் தமிழில் எழுதிப் பார்க்கிறேன்.

என் பெயர் சுகன்யா. வயது இருபது. அப்பா முதலில் பிரான்சுக்கு வந்தார். 2005இல் அம்மாவையும் என்னையும் கூப்பிட்டார். அண்ணாவுக்குப் பதினெட்டு தாண்டிவிட்டதால் விசா இல்லை என்றார்கள். அவர் எங்களை ஓமந்தைச் சோதனைச் சாவடி வரை கூட்டிவந்து விட்டுவிட்டுக் கிளிநொச்சிக்குத் திரும்பிப் போனார். அப்பா இங்கே மாரடைப்பில் இறந்தார், அதுவும் மூன்று வருடமாகிறது. அண்ணா 2009இல் போரின் கடைசி மாதங்களில் எங்களுக்கு ஒருமுறை போன் எடுத்தார். அதன் பிறகு இல்லை.

கடைசி நான்கு வரியையும் வெட்டிவிட்டேன். 'எனக்கு ஒரு அண்ணா இருக்கிறார்.' முற்றுப்புள்ளி. போதும்.

வீட்டு விதிகள், அம்மா இயற்றியவை:
போன் நம்பர் மாறக்கூடாது. அண்ணாவுக்குப் பாடமாக இருந்தது இந்த ஒரு நம்பர்தான்.
போன் தனியாக இருக்கக்கூடாது. அம்மா வேலையில் என்றால் நான் வீட்டில், நான் வகுப்பில் என்றால் அம்மா வீட்டில்.
வீடு மாறக்கூடாது. போன வருடம் எபினே என்ற புறநகரில் இரண்டு அறையோடு வீடு தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றார் அம்மா. நம்பர் மாறாது என்று போன் கம்பனிக்காரன் சொன்னதை அவர் நம்பவில்லை.
யார் எடுத்தாலும் நாங்களாக வைக்கக்கூடாது.

இந்தக் கடைசி விதியால் ஜன்னல் விற்கிறவர்களுக்கெல்லாம் அம்மாவைத் தெரியும். இன்று மதியமும் ஒருவன் எடுத்தான். இரட்டைக் கண்ணாடி ஜன்னல், குளிர் வராது, மாதா மாதம் கட்டலாம். அம்மா முழுவதையும் கேட்டார். 'வுய் மிசியூ, வுய் மிசியூ.' ஓம் ஐயா, ஓம் ஐயா. அவன் களைத்துப்போய்த் தானே வைத்தான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, போனைப் பிடுங்கி ஜன்னலால் எறியவேண்டும் போலும் இருந்தது.

15 மார்ச், வெள்ளி

குடும்பப் பேச்சு முடிந்தது. ஆசிரியை: தொனி நன்று, ஆனால் மிகவும் சுருக்கம். உங்கள் அண்ணா என்ன செய்கிறார்? நான்: தெரியாது. வகுப்பு சிரித்தது. அண்ணனோடு கோபம் என்று நினைத்திருப்பார்கள்.

ரூ காய் தெருவில், தமிழ்க் கடையில் வெங்காயம் வாங்கினேன். கடை அண்ணை எப்போதும் ஒரே கேள்விதான்.

'தங்கச்சி இன்னும் அந்தச் சீன மொழிதானோ?'

'வியட்நாம் அண்ணை.'

'ஓம் ஓம், அதுதான். படிச்சு முடிச்சு என்ன வேலை பாக்கிறது?'

'தெரியேல்லை அண்ணை.'

'கொம்தபிளிதே படிச்சிருக்கலாம். என்ர தங்கச்சிமார் ரெண்டு பேரும் அதுதான்.'

கணக்கியல் படித்திருந்தால் ரூ காய் முழுக்க என்னைப் பார்த்துச் சந்தோசப்பட்டிருக்கும். ஏன் வியட்நாம் என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் சொல்லி வைத்திருக்கிறேன். சாப்பாடு பிடிக்கும், எழுத்து லத்தீன் எழுத்து, வகுப்பில் இடம் இருந்தது. உண்மை இதுதான்: தமிழில் எனக்குக் கேட்ட செய்திகள் போதும். பிரெஞ்சில் அந்தச் செய்திகளை மற்றவர்களுக்கு விளக்கினது போதும். பள்ளிக்கூடத்தில் விளக்கினேன், பிரிபெக்சரில் விசா அதிகாரிகளுக்கு விளக்கினேன், அம்மாவின் டொக்டரிடம் விளக்கினேன். ஒரு கெட்ட செய்தியும் எனக்கு வந்து சேராத மொழி ஒன்று வேண்டியிருந்தது. அதில் 'பூசணிக்காய் இனிப்பாக இருக்கிறது' என்று சொல்லவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை.

இந்தக் குறிப்பையும் வி.மொழியில் எழுதினால் அம்மாவுக்கு விளங்காது. எனக்கும் பாதி விளங்காது. ஆகவே தமிழ்.

17 மார்ச், ஞாயிறு

மழை. பனி எல்லாம் சேறு.

சொல்லிவிட்டேன். தோசை சுட்டுக்கொண்டிருந்தார். முதுகைப் பார்த்துச் சொல்வது சுகம்.

'அம்மா, எனக்கு வியட்நாமிலை ஒரு வருசம் படிக்க இடம் கிடைச்சிருக்கு.'

தோசையைத் திருப்பினார். 'அங்கை ஆர் இருக்கினம்?'

'ஒருத்தரும் இல்லை. விடுதி.'

'இஞ்சை நான் வேலைக்குப் போனா ஆர் இருக்கிறது?'

போனுக்கு என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. அழைப்பைக் கைத்தொலைபேசிக்கு மாற்றிவிடலாம், வேலை செய்யும் இடத்திலும் எடுக்கலாம் என்று விளக்கினேன். படம் கீறிக் காட்டினேன். இது வீடு, இது கந்தோர், இது அண்ணா. அண்ணா என்ற இடத்தில் என்ன போடுவது என்று தெரியாமல் கேள்விக்குறி போட்டேன். அதை அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

'மாறி எங்கையேன் போயிடும். அவன் ஒருக்காத்தான் எடுப்பான். திரும்ப எடுக்க அவனுக்கு என்ன வசதியோ.'

பிறகு: 'இஞ்சை இருந்தே படிக்கேலாதோ உந்த மொழியை?'

தோசை ருசியாக இருந்தது. கோபத்தோடு நாலு சாப்பிட்டேன்.

20 மார்ச், புதன்

மூன்று நாளாக அம்மா அதைப் பற்றிப் பேசவில்லை. நானும் இல்லை. தொனிப் பயிற்சி மட்டும் உரக்கச் செய்கிறேன், வேண்டுமென்றே. 'ஏன் பூனை மாதிரிக் கத்துறாய், போன் அடிச்சாக் கேக்காது' என்றார்.

கால் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. வகுப்புக்கு இரண்டு தரிப்பிடம் முன்பே இறங்கி நடந்தேன். திரும்பும்போதும் நடந்தேன். கார் து நோர் ரயில் நிலையப் பக்கம் பெட்டிகளோடு போகிறவர்களைப் பார்த்து ஒரு காரணமும் இல்லாமல் எரிச்சல்.

பண்பாட்டு வகுப்புத் தலைப்பு கிடைத்துவிட்டது. ஒரு வி. வீட்டில் இறந்தவரின் ஆண்டு நாளை நேரில் பார்த்து அறிக்கை. 'யோ' என்கிறார்கள். சந்திர மாதக் கணக்கில் வரும். எங்கள் திவசம் மாதிரித்தான், ஐயர் கிடையாது.

லின் உதவினாள். இவள் வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருப்பவள், பாரிஸில் பிறந்த வி. பெண், தாயின் மொழி தெரியாமல் வெட்கப்பட்டுப் படிக்க வந்தவள். தாயிடம் போனில் வி.மொழியில் நான்தான் அவளைவிட நன்றாகப் பேசுகிறேன் என்பது அவளுக்கு வேடிக்கை, தாய்க்குக் கவலை. 'சனிக்கிழமை எங்கட வீட்டில் மாமாவுக்கு யோ. வா. நீ வந்தால் அம்மாவோடு பேச ஆள் கிடைக்கும்' என்றாள், பிரெஞ்சில்.

சனி மதியம் அம்மா வீட்டில். போகலாம்.

23 மார்ச், சனி

எங்கே தொடங்குவது.

பதின்மூன்றாம் வட்டாரம், உயரமான கட்டடம், பதினோராம் மாடி. லிப்டில் மீன் சாற்று மணம். கதவடியில் செருப்புகள். லினுடைய அம்மாவை 'பாக்' என்று கூப்பிட வேண்டும், என் அம்மாவைவிட மூத்தவர் என்பதால். பெரியம்மா மாதிரி. கூப்பிட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

அறிக்கைக்காகக் கண்டவை: அலுமாரிக்கு மேலே மேடை. படங்கள். தோடம்பழம், வாழைப்பழம். தேநீர் சின்னக் கோப்பைகளில். சாம்பிராணிக்குச்சி. பொரித்த சுருள், மூங்கில் குருத்துச் சூப், பாசிப்பயறு போட்ட ஒட்டும் சோறு, தோபு என்கிற சோயாக்கட்டி. எனக்கு மரக்கறி என்று லின் முன்பே சொல்லி வைத்திருக்கிறாள். சோற்றுக் கிண்ணமும் இரண்டு சாப்பாட்டுக் குச்சியும் வெறுமனே படத்துக்கு முன்னால். பெயர் சொல்லி இறந்தவரைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். சாம்பிராணி எரிந்து முடியும் வரை மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். பிறகுதான் இறக்கிப் பரிமாறுவது.

படத்தில் இருப்பவர் பாக்கின் அண்ணா. சட்டைப் பையில் சீப்பு செருகிய பொடியன். பாக்குக்கு அறுபது தாண்டிவிட்டது, அந்தப் பொடியனை இன்னும் அண்ணா என்றுதான் கூப்பிடுகிறார்.

'எந்த நாள் இறந்தார்?' என்று கேட்டேன். அறிக்கைக்கு வேண்டும்.

பாக் சொன்னார்: 'தெரியாது. போருக்குப் போனார், வரவில்லை. எங்கே என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால் வீட்டைவிட்டுப் போன நாளை அவருடைய நாளாக எடுத்துக்கொண்டோம். எங்கள் ஊரில் பல வீட்டில் அப்படித்தான்.'

எழுதுவதை நிறுத்திவிட்டேன்.

எந்தப் பக்கத்துப் படை என்று நான் கேட்கவில்லை. அவர் என்னைக் கேட்டார்: உனக்கு எத்தனை சகோதரம்? ஒரு அண்ணா. எங்கே? காணாமல் போய்விட்டார், போரில். சொல்லிவிட்டேன், எந்தச் சிரமமும் இல்லாமல், தொனி பிசகாமல். மூன்று வருடம் இந்த மொழியைச் சுத்தமாக வைத்திருந்தேன்.

'அவர் எந்த நாள் போனார்?'

'அவர் போகவில்லை. நாங்கள்தான் விட்டுவிட்டுப் போனோம்.'

பாக் என் பக்கத்தில் வந்து இருந்தார். பிறகு: 'பெயர் என்ன?'

நாலு வருடமாக எல்லாரும் என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். எங்கே கடைசியாகக் கண்டது, யார் கண்டது, எந்த முகாம். பெயரை ஒருவரும் கேட்டதில்லை. சேந்தன் என்றேன். 'சென்தான்' என்று சொல்லிப் பார்த்தார். குசினிக்குப் போய் இன்னொரு கிண்ணமும் குச்சியும் எடுத்து வந்தார். 'அவரையும் கூப்பிடு. என் அண்ணாவும் தனியாகத்தான் சாப்பிடுகிறார்.'

படம் இருக்கிறதா என்றார். கைப்பையில் இருந்தது. அந்த விசாவுக்காக எடுத்த படம், பத்தொன்பது வயது. இப்போது நான் அதைவிட மூத்தவள். வாழைப்பழத்தில் சாய்த்து வைத்தார். எனக்குச் சாம்பிராணி தந்தார். மூன்று முறை குனிந்தேன். அண்ணா, வந்து சாப்பிடுங்கோ என்று தமிழில் சொன்னேன். அழுகை வரவில்லை. பசி வந்தது. நன்றாகச் சாப்பிட்டேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரு இடத்தில் அசையாமல் இருந்தேன்.

திடீரென்று நேரம் பார்த்தால் அம்மா மாலை வேலைக்குப் போகும் நேரம். பாதி செருப்போடு ஓடினேன். பாக் துரத்தி வந்து ஒரு பை தந்தார். யோ சாப்பாட்டை விருந்தாளியிடம் கொடுத்து விடாமல் அனுப்ப மாட்டார்களாம்.

மெத்ரோவில்தான் நினைவு வந்தது. படம் அங்கேயே. திரும்பிப் போகவில்லை.

வாசலில் அம்மா கோட்டோடு நின்றார். பையை வாங்கித் திறந்தார். ஒட்டும் சோற்றில் ஒரு பிடி. 'பொங்கல் புக்கை மாதிரி இருக்கு. சர்க்கரைதான் போடேல்லை. என்ன விசேசம் அங்கை?'

'சும்மா ஒரு வீட்டு விசேசம்.'

நின்றபடியே இன்னும் இரண்டு பிடி சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

24 மார்ச், ஞாயிறு

நித்திரை சரியில்லை.

எங்கள் வீட்டில் இரண்டு சுவர். சாமிப் படங்களின் பக்கம் அப்பா, பிளாஸ்டிக் மாலையோடு, சின்னச் சிவப்பு மின்விளக்கோடு. எதிர்ச் சுவரில், போனுக்கு மேலே, அண்ணா. மாலை இல்லை. விளக்கு இல்லை. அம்மா சாம்பிராணி காட்டும்போது கூட அந்தச் சுவருக்குப் புகை போகாதபடி ஜன்னலைத் திறந்துவிடுவார். உயிரோடு இருக்கிறவனுக்குப் புகை காட்டக்கூடாது.

நான் காட்டினேன். கிண்ணமும் வைத்தேன். அந்தச் சோற்றை அம்மா சாப்பிட்டார்.

மிச்சத்தையும் இன்று மதியம் சூடாக்கிச் சாப்பிட்டார். 'அந்த மனிசிக்குக் கைப்பக்குவம் இருக்கு' என்றார். நான் வெளியே போய் ரூ பெர்தொனே தெருவில் நகைக்கடைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் வாங்கவில்லை. திரும்பி வந்தேன். மறுபடி போனேன்.

27 மார்ச், புதன்

அறிக்கை கொடுத்தாயிற்று. இரண்டாவது கிண்ணத்தைப் பற்றி எழுதவில்லை.

லின் கேட்டாள்: அம்மா அந்தப் படத்தை மாமாவுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார், பரவாயில்லையா? பரவாயில்லை என்றேன். ஹனோய்க்கு என்ன பதில் என்றும் கேட்டாள். தெரியாது என்றேன். அவளுக்கு இடம் கிடைக்கவில்லை, என் 'தெரியாது' அவளுக்கு எரிச்சலாக இருந்திருக்கும். எனக்கே எரிச்சல்.

துறை அலுவலகத்திலிருந்து நினைவூட்டல். ஐந்தாம் தேதி.

31 மார்ச், ஞாயிறு

மணிக்கூட்டை ஒரு மணி முன்னுக்குத் தள்ளும் நாள். ஈஸ்டர். குளிர்.

காலை தேநீரோடு நான்தான் தொடங்கினேன். வெள்ளிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றேன். அம்மா: சொல்லன், ஏலாது எண்டு. நான் கத்தினேன். ஒரு வருடம்தான், ஆயுள் முழுக்க இல்லை, எனக்கு இருபது வயது, எனக்கும் கால் இருக்கிறது.

'அவன் வந்து கேட்டா நான் என்ன சொல்லுறது? தங்கச்சி வியட்நாமுக்குப் போட்டாள், போன் எடுக்க ஆள் இல்லை எண்டோ?'

வாயை மூடியிருக்கலாம். மூடவில்லை.

'போன கிழமை நீங்கள் சாப்பிட்டது அண்ணாவுக்குப் படைச்ச சோறு.'

அம்மாவுக்கு விளங்கவில்லை. விளக்கினேன். கிண்ணம், குச்சி, சாம்பிராணி, பெயர். ஒவ்வொன்றாக, வகுப்பில் அறிக்கை வாசிக்கிற மாதிரி. நடுவில் நிறுத்த முடியவில்லை.

அம்மா அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. கோப்பையைக் கழுவி வைத்தார். கையைத் துடைத்தார்.

'எந்தப் படம் வைச்சனீ?'

'விசாப் படம்.'

'எங்கை அது?'

'அங்கைதான்.'

கோட்டை எடுத்தார். பூப்போட்ட வீட்டுச் சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டார். 'வா. வீட்டைக் காட்டு.'

'போனுக்கு ஆர் இருக்கிறது?'

கதவைப் பூட்டும்போது அம்மாவின் கை சாவியில் கொஞ்சம் நின்றது. பிறகு திருப்பினார். 2009க்குப் பிறகு அந்தப் போன் முதல் முறையாகத் தனியாக இருந்தது.

ஸ்தாலின்கிராட் நிலையத்தில் மாறி ஏழாம் நம்பர் மெத்ரோ. முழுத் தூரமும் அம்மா நின்றுகொண்டே வந்தார், இருக்க இடமிருந்தும். என்ன சொல்ல வேண்டும் என்று நான் வி.மொழியில் தயார்செய்தேன். மன்னிக்க வேண்டும் பாக், என் அம்மாவுக்குத் தெரியாமல் செய்துவிட்டேன், எங்கள் வழக்கத்தில்... வழக்கத்துக்கு என்ன சொல் என்பதே மறந்துவிட்டது.

பாக் கதவைத் திறந்தார். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளே போனார். மேடைக்கு முன்னால் நின்றார். அண்ணா அங்கே இருந்தார், சீப்புக்காரப் பொடியனுக்குப் பக்கத்தில், புதுச் சட்டகத்துக்குள். படத்துக்குக் கீழே ஒரு தோடம்பழம். பாக் சட்டகம் வாங்கிப் போட்டிருக்கிறார்.

என் வாயில் ஒரு சொல்லும் வரவில்லை. மூன்று வருடப் படிப்பு. அம்மாதான் பேசினார், கந்தோர் துடைக்கிற இடத்தில் பழகின பிரெஞ்சில், மெதுவாக.

'மதாம். மொன் ஃபிஸ், பா மோர்.'

என் மகன், சாகவில்லை.

பாக் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவையே பார்த்தார். 'வுய், மதாம்' என்றார். இரண்டு கையாலும் படத்தை எடுத்தார். கண்ணாடியில் இருந்த சாம்பலைத் தன் சட்டைக் கையால் துடைத்தார். அம்மாவும் இரண்டு கையாலும் வாங்கினார். பாக் ஒரு சாம்பிராணி கொளுத்தி மேடைக்கு ஏதோ சொன்னார். இந்தப் பிள்ளை தவறி வந்தவர், தாய் கூட்டிப் போக வந்திருக்கிறார், வழி விடுங்கள் என்று. இதை அம்மாவுக்குச் சொன்னேன். இது மட்டும் சரியாக மொழிபெயர்ந்தது.

அம்மா போகத் திரும்பினார், பிறகு நின்றார். மற்றப் படத்தைக் காட்டி என்னிடம் கேட்டார். 'இது ஆர்?'

'அவையின்ர அண்ணா. அவரும் காணாமல் போனவர்.'

'அப்ப எந்த நாளிலை செய்யினம்?'

எனக்குச் சொல்ல விருப்பமில்லை. பாக்குக்குக் கேள்வி எப்படியோ விளங்கியிருக்க வேண்டும், அவரே வி.மொழியில் பதில் சொன்னார். நான் தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று.

'வீட்டை விட்டுப் போன நாளிலை.'

அம்மா அந்தப் பொடியனைப் பார்த்தார். கனநேரம். பிறகு எனக்கல்ல, படத்துக்குச் சொல்கிற மாதிரி: 'ஓமந்தையிலை அவன் போகேல்லை. நாங்கள்தான் வெளிக்கிட்டனாங்கள்.'

அம்மா என்ன சொல்கிறார் என்று பாக் கேட்டார். நான் சொல்லவில்லை.

தேநீர் குடிக்காமல் அனுப்ப மாட்டேன் என்றார். அம்மா குடித்தார். பை ஒன்றும் தரவில்லை, நல்லவேளை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா போனைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்தார். தொனி இருந்தது. வைத்தார். யாராவது எடுத்தார்களா என்று தெரிய வழியில்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

1 ஏப்ரல், திங்கள்

விடுமுறை. அம்மா சாப்பாடு போட்டார், தலைக்கு எண்ணெய் வேண்டுமா என்று மட்டும் கேட்டார்.

படத்தைச் சட்டகத்திலிருந்து எடுத்து ஜன்னல் ஓரத்தில் வைத்திருக்கிறார், சாம்பிராணி மணம் போக. காற்றில் விழாதபடி ஒரு தேக்கரண்டி மேலே. புறா வந்து உட்கார்ந்தது. அம்மா ஓடிப்போய்த் துரத்தினார். சட்டகத்தை எறியவில்லை, அலுமாரிக்குள் வைத்திருக்கிறார்.

எனக்கு வெட்கம். கோபமும் போகவில்லை. இரண்டும் ஒன்றாக இருக்க முடியும் என்று தெரிந்துகொண்டேன், அது வசதியாக இல்லை.

2 ஏப்ரல், செவ்வாய்

பால். சலவைத் தூள். லினுக்கு மன்னிப்புக் கடிதம்? நேரில் சொல்வது நல்லது.

சொன்னேன். லின்: 'அம்மா கோபிக்கவில்லை. உன் அம்மாவின் கோட்டைப் பற்றித்தான் சொன்னார், இந்தக் குளிருக்கு அது மெல்லிசு என்று.'

ஹனோய் வேண்டாம் என்று எழுதி வைத்தேன், வி.மொழியில், பிழையில்லாமல். அனுப்பவில்லை. 'மிகுந்த வருத்தத்துடன்' என்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வருத்தம் இல்லை அது, மூச்சு முட்டல். அதற்கு எந்த மொழியிலும் அலுவலகச் சொல் கிடையாது.

4 ஏப்ரல், வியாழன்

வெயில், குளிரோடு. நாளை கடைசி நாள்.

அம்மா காலை வேலையிலிருந்து வந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் வகுப்புக்கு வெளிக்கிட்டுச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அவர் நிமிரவில்லை.

'அங்கை மழை எப்ப?'

'எங்கை?'

'நீ போற இடத்திலை.'

சப்பாத்து நாடாவை விட்டேன். கோடையில் மழை, குளிர்காலத்தில் தூறல் என்றேன். பாடப்புத்தகத்தில் இருந்தது.

'குடை கொண்டு போ.'

'அம்மா, போன்?'

'நான் அந்தக் கந்தோர்க்காரனிட்டைக் கேட்டுப் பாக்கிறன், விடியப்புற வேலையைப் பின்னேரத்துக்கு மாத்த, காலமையெண்டாலும் போனடியிலை நிக்கலாம். இல்லையெண்டா கொஞ்ச நேரம் தனிய அடிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமையும் தனியத்தானே இருந்தது.' மூக்கைத் துடைத்தார், வெங்காயம். 'போ, பிள்ளை. உன்னைக் கட்டி வைச்சு அவனை வரப்பண்ணேலாது.'

ஒரு மாதமாக இந்தப் 'போ'வைக் கேட்கத்தான் துடித்துக்கொண்டிருந்தேன். கேட்டதும் இருந்த இடத்தில் இருந்தேன், ஒரு சப்பாத்து கட்டியபடி, மற்றது கையில்.

அம்மா கடைசி வெங்காயத்தை எடுத்தார்.

'ஒண்டு மட்டும். என்ன நாள் போறாய் எண்டு எனக்குச் சொல்லாதை. டிக்கெட்டைக் காட்டாதை. நான் வேலைக்குப் போயிருக்கேக்கை போ. அந்தத் தேதி எனக்குத் தெரியவேண்டாம்.'

சரி என்றேன். வகுப்புக்குப் பிந்திவிட்டது. போகிற வழியில் மெத்ரோவில் நின்றபடி எழுதினேன்: வருகிறேன். அனுப்பிவிட்டேன்.

மாலை முழுக்க இந்த அறையைச் சுற்றிப் பார்க்கிறேன். கட்டிலுக்குக் கீழே அரிசி மூட்டை. அலுமாரி நிறைய உடுப்பு. பயணப் பெட்டியை எங்கே மறைத்து வைப்பது.